ரத்தினண்ணா ஒட்டிய சீட்டு

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. நம் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு படம். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்யும் முனிரத்தினம், நாமெல்லாம் ரத்தினண்ணா என்று கூப்பிட்டவர், அன்று காலை மாரடைப்பில் போய்விட்டார். படத்தை நான் பார்த்து முடிப்பதற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘கணினித் தமிழுக்குப் பேரிழப்பு’ என்றார் ஒருவர். ‘எங்கள் வழிகாட்டி’ என்றார் இன்னொருவர். இவர்களில் பாதிப் பேர் ஆறு வருடமாக அவர் போனை எடுக்காதவர்கள். மீதிப் பேர் எடுத்தும் உண்மை பேசாதவர்கள். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்.

மறுநாள் நம் பொருளாளர் கூப்பிட்டார். “நினைவு மலர் ஒண்ணு போடலாம்னு கீறோம். நீங்கதான் அவருக்கு க்ளோஸு. ரெண்டு பக்கம் நல்லபடியா எழுதிக் குடுங்க செக்ரட்ரி” என்றார். எழுதுகிறேன். நல்லபடியாக இருக்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

முதலில், அவர் சாது இல்லை. மலரில் யாராவது அப்படி எழுதப் போகிறார்கள், அதனால் சொல்கிறேன். புத்தூரில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஜெராக்ஸ் மெஷின் பார்க்க வருவார். திருப்பதியிலிருந்து பைக்கில் வந்து, டோனர் மை ஒட்டிய கறுத்த விரல்களோடு மெஷினுக்குள் தலையை விட்டார் என்றால் எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் எங்கள் மேனேஜர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று நாலு முறை கேட்டார். இவர் தலையைத் தூக்காமலே, “மெஷினுக்கு உடம்பு சரியில்ல சார். நீங்க பக்கத்துல நின்னுகினு இருந்தா இன்னும் மோசமாவும்” என்றார். மேனேஜர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. நான் டீ வாங்கிக் கொடுத்து ரத்தினண்ணாவோடு சிநேகம் பிடித்துக்கொண்டேன்.

நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் பதினெட்டு நெட்புக்குகள், அந்தக் குட்டி லேப்டாப்புகள், வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திருப்பதியில் மூடிப்போன ஒரு பயிற்சி நிலையத்தின் கழிவு அவை. பத்து அங்குலத் திரை, பழைய விண்டோஸ், திறக்கவே பத்து நிமிஷம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான்தான் ரத்தினண்ணாவிடம் போய் நின்றேன். ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, “விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா ஓடும். ஆனா படம் வரையற சில்லு இருக்குது பாரு, அது சண்டிமாடு” என்றார். சண்டிமாடு என்றால் எப்பேர்ப்பட்ட சண்டிமாடு என்று அடுத்த நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்துகொண்டேன்.

லினக்ஸ் ஏறும். மறுபடி திறந்தால் திரை கறுப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னும். நான் “செத்துடிச்சா?” என்பேன். அதற்கு அவர் சொன்னதை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். “கறுப்பா இருந்தா செத்துடிச்சின்னு அர்த்தமில்லபா. உள்ள வேலை நடந்துகினுதான் இருக்குது. அதுக்குக் காட்டத் தெரியல, அவ்ளோதான்.” மெஷின் திறக்கும் நேரத்தில் ஒரு ஆணையைச் சேர்த்து, அந்தச் சில்லைத் தொடாமல் படத்தை வரவைப்பார். வரும், ஆனால் பிதுங்கிக்கொண்டு வரும். கீழே இருக்கும் ‘சரி’ பட்டன் திரைக்கு வெளியே போயிருக்கும். வீடியோ போட்டால் போட்டோ ஆல்பம் புரட்டுவது போல ஓடும். சில்லு செய்யவேண்டிய வேலையையும் சேர்த்து மெஷினின் மூளையே செய்வதால் இந்தக் கதி என்று விளக்குவார்.

“இதுவே போதும்ணா, படம்தான் வருதே” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “இலவசமாக் குடுக்கறோம்னு புள்ளைங்களுக்கு அரைவேக்காடாக் குடுப்பியா? உன் வீட்டுப் புள்ளைக்கு இதைக் குடுப்பியா?” என்றார். நான் திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்கு ஒரு சோதனை வீடியோ உண்டு. தூரத்து ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ராக்கெட்டை, சூளூர்பேட்டையில் ஒரு மொட்டை மாடியிலிருந்து அவரே போனில் பிடித்தது. தீயும் புகையும் திக்காமல் ஏறினால் சில்லு வேலை செய்கிறது என்று கணக்கு. நான்கு மாதம் அந்த ராக்கெட் திக்கித் திக்கியே ஏறியது. கடைசியில் அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த பழைய டிரைவர் மென்பொருள் ஒன்றை எங்கோ தோண்டி எடுத்தார். ஒரே ஒரு பழைய லினக்ஸ் பதிப்போடுதான் அது ஒத்துப்போகும். புதிய பதிப்பு போட்டால் டிரைவர் போச்சு, திரையும் போச்சு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று புகை மொத்தமும் ஒரே வீச்சில் மேலே போனது. அவர் கைதட்டவில்லை. “போய்த் துன்னுட்டு வரலாம் வா, பசி கொல்லுது” என்றார். எனக்கு அழுகை வந்தது.

பதினெட்டு மெஷினிலும் அதையே ஏற்றி, ஒவ்வொரு திரைக்குக் கீழேயும் தன் கையால் தமிழில் எழுதிய ஒரு சீட்டை ஒட்டினார். ஏன் தமிழில் என்றால், அது தமிழ்ப் பள்ளி. வாத்தியார்களும் பிள்ளைகளும் படிப்பது தமிழ்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், நான் படித்தது முழுக்கத் தெலுங்கு மீடியம். நம் ஆந்திர மண்டலங்களில் இப்படி வீட்டுக்கு இருவர் இருப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெட்கப்பட்டேன். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அல்லவா? மேடையில் நான் தமிழில் முழங்கியதெல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் படித்தது. நோட்டீஸ் அச்சாகி வந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்வேன். எத்தனை வருடம் கண்ணாடியை மறந்தேன் என்று நீங்கள் யாரும் யோசிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் நாற்காலி போடுவதை மேற்பார்வை பார்க்கப் பள்ளிக்குப் போனேன். மெஷின்களைத் திறந்தால், ஒவ்வொரு திரையின் நடுவிலும் ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடலாமா’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. நாளைக்கு விருந்தினர் பார்க்கும்போது இது அசிங்கமாக இருக்குமே என்று பட்டது. கீழே சீட்டு இருந்தது. மெஷின் நம்பரும் வாழ்க தமிழும் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் பந்தல்காரர்கள் இருந்தார்கள், வாத்தியார் ஒருவர் இருந்தார். ‘இதில் என்ன எழுதியிருக்கிறது’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கண்ணாடி வேறு அன்று என் மூக்கின் மேலேயே இருந்தது. கேட்கவில்லை. செயலாளர் என்ற தோரணையில் என் பெயரிலேயே ஒரு லாகினும் பாஸ்வேர்டும் நான் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பதினெட்டு மெஷினுக்கும் ‘ஆமாம்’ கொடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். சித்தூரிலிருந்து வந்த பெரிய மனிதர் மாலையைக்கூடக் கழற்றாமல் முதல் மெஷினின் பொத்தானை அமுக்கினார். கறுப்பு. இரண்டாவது, கறுப்பு. பதினெட்டும் கறுப்பு, மூலையில் மின்னும் கோடு. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். “பழைய இரும்பை எடுத்துகினு வந்து எங்க மானத்தை வாங்கிட்டியே” என்று ரத்தினண்ணாவைப் பார்த்துச் சபையிலேயே கத்தியது யார் என்று கத்தியவருக்குத் தெரியும். இப்போது மலர் போடுகிறவரும் அவர்தான்.

ரத்தினண்ணா ஒரு மெஷினின் முன் உட்கார்ந்து எழுத்து மட்டும் வரும் திரையைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். ஒரு மெஷினில் யார் எப்போது எதைப் போட்டார்கள் என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். வரி வரியாக இறங்கிய அவருடைய கறுத்த விரல் ஓரிடத்தில் நின்றது. முந்தைய நாளின் தேதி. பக்கத்தில் ஆங்கிலத்தில் என் பெயர். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அப்டேட் போட்டது மட்டுமல்ல, ஏன் போட்டேன் என்பதும். மெஷினை மூடிவிட்டு எழுந்து, “என் தப்புதாங்க. சரியா டெஸ்ட் பண்ணல” என்றார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த வாரக் கூட்டத்தில் ‘திரு. முனிரத்தினத்தின் கவனக்குறைவால்’ என்று தீர்மானம் வந்தபோதும் பேசவில்லை. அதில் கையெழுத்துப் போட்டேன், தெலுங்கில். பதினெட்டு மெஷினைக் கெடுத்தவன் என்ற பேர் நகரியிலிருந்து புத்தூர் வரை போனது. ஜெராக்ஸ் கடைகள் வேறு ஆளைப் பிடித்தன. “பர்வாலேதுபா, திருப்பதியில கடையா இல்ல?” என்று, பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் சொல்லிச் சிரித்தார் ரத்தினண்ணா. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். காப்பாற்றினாரா, தண்டித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பள்ளி வேண்டாம் என்று ஒதுக்கிய மெஷின்களை அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மறுபடி சரிசெய்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்ததை நீங்கள் அறிய மாட்டீர்கள். எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு பாலிசி விஷயமாக சந்திரகிரியில் ஒரு தையல்கார அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே நம் நெட்புக் ஒன்றில் ஜாக்கெட் தைக்கும் வீடியோ திக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்குக் கீழே புதிதாக ஒட்டிய சீட்டு. மேலே தமிழில் ஒரு வரி. அதன் கீழே, தெலுங்கில்: ‘புதிய பதிப்பு கேட்டால் வேண்டாம் என்று சொல்லு. போட்டால் திரை கறுத்துவிடும்.’

“சீட்டு யாருங்க எழுதினது?” என்றேன்.

“ரத்தினண்ணாதான். எனுக்குத் தமிழே போதும்னு சொன்னேன், கேக்கல. ‘ரெண்டுலயும் இருக்கட்டும்மா, யாரு வந்து தொடுவாங்களோ’ன்னாரு” என்றார் அந்த அம்மா.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் பாலிசிக் காகிதத்தை மறந்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் திருத்தணிக்குப் போய் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கினேன். நாற்பத்தேழு வயதில், பைக் பெட்டியில் ஒளித்து வைத்து, ஆபீஸ் மதிய இடைவேளையில் எழுத்துக் கூட்டினேன். ஒன்றரை வருடம் ஆனது. படிக்க வந்ததும் முதல் வேலையாக அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். திருப்பதியில் எத்தனையோ முறை பார்த்தேன். “இன்னா செக்ரட்ரி, நல்லாகீறியா?” என்பார். நல்லா இருக்கேண்ணா என்பேன். டீ குடிப்போம். திரும்பி வந்துவிடுவேன்.

காரியம் முடிந்த அன்று அண்ணி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். “உங்களுக்குன்னு வச்சிகினு இருந்தாரு. செக்ரட்ரி வந்தா குடுக்கணும், செக்ரட்ரி வந்தா குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு. நீங்க ஊட்டுப் பக்கமே வர்ல” என்றார். பதினெட்டில் ஒன்று. வீட்டுக்கு வந்து திறந்தேன். படம் வந்தது. ராக்கெட் வீடியோ அதில் இருந்தது, திக்காமல் ஏறியது. திரைக்குக் கீழே சீட்டு. இரண்டு வரி.

பொருளாளர் அவர்களே, மலரில் நீங்கள் போடவேண்டியது இதுதான்: பதினெட்டு மெஷினையும் கெடுத்தது நான். தீர்மானத்தை ரத்து செய்து, அதையும் அச்சிடுங்கள். பக்கம் இல்லை என்றால் அவருக்கு அடித்த ஃபிளெக்ஸின் கீழே நின்று நானே இதைப் படிப்பேன். இந்த முறை கையில் தெலுங்குத் தாள் இருக்காது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மெஷினும் சீட்டும்தான். தமிழ் வரியில் எழுத்துகள் சாதாரணமாக இருக்கின்றன. கீழே தெலுங்கு வரியை மட்டும் எனக்காகப் பெரிதாக, நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறார். நான் கற்றுக்கொண்டேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் டீ குடித்துவிட்டு வந்துவிட்டான்.

மேல் வரியைத்தான் படித்தேன், அண்ணா.