கழுத்தில் தொங்கிய அட்டை: ஒரு மாயாபந்தர் பயணம்

ஆமை பார்க்கத்தான் போனேன். ஜனவரியில் மாயாபந்தர் பக்கம் கர்மாடாங் கடற்கரைக்கு ஆமைகள் முட்டையிட வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து தனியாகக் கிளம்பினேன். ஆமைகளைப் பற்றி இந்தப் பதிவில் அதிகம் இருக்காது. அதற்காகவே வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

போர்ட் பிளேருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஏறிய பேருந்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. மாயாபந்தருக்கு அரசுப் பேருந்து விடியற்காலை நான்கு மணிக்கு. நான் போனபோது கட்டணம் 290 ரூபாய். தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர், நடுவில் பேருந்தோடு படகில் ஏறிக் கடற்கழியைக் கடக்க வேண்டும், பத்து மணி நேரம் பிடிக்கும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, வாகனங்களெல்லாம் சேர்ந்து ஒரே வரிசையாகக் காட்டுக்குள் போகின்றன. ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம் அது. ஆகவே எல்லாரும் அடையாள அட்டை காட்டியாக வேண்டும்.

பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு நாற்பதை நெருங்கும் வயது. கழுத்தில் மீன் தூண்டில் நரம்பில் கோத்த, லேமினேட் செய்த ஓர் அட்டை தொங்கியது. பேச்சுக்கொடுப்போமே என்று, "எந்த ஆபீஸ்ல வேலை?" என்று கேட்டேன்.

"ஆபீஸா!" சிரித்துவிட்டார். "நான் போர்ட் பிளேர் ஷாதிபூர்ல மூணு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன் அக்கா. இது எங்கப்பா."

அட்டையைத் திருப்பிக் காட்டினார். பழுப்பேறிய காகிதத்தில் ஒல்லியான ஒரு மனிதரின் புகைப்படம், அதன் மூலையில் பாதி அழிந்த ஊதா முத்திரை. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை.

அவர் பெயர் லெட்சுமி. அப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே நீ இந்தியன் என்றார்கள். கப்பலில் இங்கே வந்ததும் நீ சிலோன்காரன் என்றார்கள். தெற்கே இருக்கும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியபோது கொடுத்த அந்த அட்டைதான், அவர் இன்ன இடத்து ஆள் என்று முதன்முதலாகச் சொன்ன காகிதம். சுனாமியில் தோட்டத்து வீடுகள் போயின. சட்டைப்பையில் இருந்ததால் அட்டை மட்டும் நனைந்த கோலத்தில் தப்பியது. நிவாரண முகாமில் எல்லாரும் மிச்சமிருந்த காகிதங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஓட்டை குத்தி, நரம்பு கோத்துக்கொண்டார்களாம். இன்றும் நிலம் லேசாக ஆடினால் முதலில் அட்டை கழுத்துக்குப் போகும், பிறகுதான் மேட்டை நோக்கி ஓட்டம்.

சாவடியில் காவலர் என் ஆதாரை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்தார். லெட்சுமியும் ஆதாரைத்தான் காட்டினார்.

"அதான் ஆதார் இருக்கே, அப்புறம் என்ன?" என்றேன்.

"ஆதார் ஆளைச் சொல்லும் அக்கா, ஊரைச் சொல்லாதுல்ல. மேன்லேண்ட்காரங்களுக்கு அது சலேகா, போதும். எங்களுக்குப் பத்தாது."

மகள் பவித்ராவுக்குச் செவிலியர் உதவியாளர் பயிற்சியில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் கிடைத்திருந்தது, தங்குமிடத்தோடு. அதற்கு உள்ளூர்ச் சான்றிதழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். பவித்ராவின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து, வேலை முடிந்ததும் கப்பலேறிப் போனவர். ஆகவே தாய்வழியில், தாத்தாவின் அட்டையை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். லெட்சுமி மாயாபந்தரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவர். பள்ளிச் சான்றிதழ் வாங்கத்தான் இந்தப் பயணம்.

மறுநாளே பள்ளியில் சான்றிதழ் கிடைத்துவிட்டது. நான் கர்மாடாங் போனேன் (13 கிலோமீட்டர், ஆட்டோ போகவர 600). மணலில் ஆமை போன தடம் இருந்தது, ஆமை இல்லை. வியாழக்கிழமை திரும்பும் பேருந்திலும் ஒன்றாகவே வந்தோம். "நாளைக்குச் சர்டிபிகேட் ஆபீசுக்குக் கூட வாங்க அக்கா. படிச்சவங்க பக்கத்துல நின்னா நாற்காலியாவது போடுவாங்க" என்றார்.

நாற்காலி போட்டார்கள். எழுத்தர் நம் பக்கத்துத் தமிழர், தன்மையாகவே பேசினார். "பள்ளிக்கூட சர்டிபிகேட் சரிதாம்மா. அப்பா கார்டுதான்... பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கிற சீலை நான் எப்படிம்மா ஒரிஜினல்னு எழுதுறது? கலர் ஜெராக்ஸை ஒட்டிக் கொண்டுவந்து ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கிட்டோம். உறையை எடுத்துட்டுக் கொண்டாங்க, நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

அபர்தீன் பஜாரில் லெட்சுமிக்குத் தெரிந்த ஒரு வங்காளியின் லேமினேஷன் கடை. அவர் அட்டையைப் பார்த்ததும் கையை உதறினார். "மத் கோலோ தீதி, ஃபட் ஜாயேகா." பிரிக்காதே, கிழிந்துவிடும்.

"முகாமுக்கே மெஷினைத் தூக்கிட்டு வந்து ஒட்டினது உங்கப்பாதானே? ஒட்டத் தெரியுது, பிரிக்கத் தெரியாதா?" என்று லெட்சுமி இந்தியில் சீண்டினார். கடைக்காரர் சிரிக்கவில்லை. பிளேடை மட்டும் மேசைமேல் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

லெட்சுமியே பிரித்தார். ஓரம் சுலபமாக வந்தது. நடுவில், கடல் நீரில் ஊறிக் காய்ந்த இடத்தில், காகிதத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்தது. நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்குள் முடிந்துவிட்டது. அவர் கையில் வெளுத்துப்போன ஒரு காகிதம் இருந்தது. அப்பாவின் முகமும் முத்திரையும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன.

நாலு மணிக்கு முன்பே போய்விட்டோம். எழுத்தர் இரண்டையும் மேசைமேல் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இதுல எதைம்மா நான் கார்டுன்னு எழுதுறது?"

லெட்சுமி பிளாஸ்டிக்கை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

மாற்று நகல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். கச்சாலில் இருந்த பழைய பதிவேடுகளும் அலையோடு போனவை என்பது எழுத்தருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உள்ளூர் இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாயாபந்தர் பேருந்துக்கு முந்தைய நாளே சீட்டு எடுத்துவிடுங்கள். காப்பகச் சாலையில் படமெடுப்பது குற்றம். ஆதாரின் நகல் நாலைந்து கையில் இருக்கட்டும். உங்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. விமான நிலையத்தில் காவலர் என் அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டபோது, இவ்வளவு காலமாக இதை நான் ஒரு சாதாரணக் காரியம் என்று நினைத்திருக்கிறேனே என்று தோன்றியது. பழைய காகிதம் வைத்திருப்பவர்கள் அதற்குச் சூடான பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். இந்த அறிவுரை யாருக்குத் தேவையோ அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை.

போன வாரம் லெட்சுமியைத் தொலைபேசியில் அழைத்தேன். பவித்ரா போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போகிறாளாம். அப்பாவின் பிளாஸ்டிக் முகம் ஆணியில் தொங்குகிறதாம். "முந்தாநாள் நெலம் ஆடுச்சு அக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கார்டை மாட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடினாங்க" என்றார்.

"நீங்க?"

"நான் ஓடல."