நட்டது என்று சொன்ன செடி

வெள்ளிமலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் முன்பெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் வேண்டாம் என்று உள்பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன். வடக்கனந்தல், கச்சிராயபாளையம் எல்லாம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் பாறை இடுக்கில்கூடப் பச்சை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தாவரவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் செடியைப் பார்த்து எரிச்சல்படுகிறேன் என்று எழுதுவது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முனைவர் பட்டம் இல்லாதவர்களை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். கல்வராயன் மலையில் உள்ள இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் என்பது தலைப்பு. கைடு வெளியூர்ப் பேராசிரியர். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் உருப்படியான ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. கட்டுரை இல்லையென்றால் பட்டம் இல்லை, பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை. என் நிலைமை அவ்வளவுதான்.

அத்தாவுக்குக் கடைவீதியில் இரும்புக் கடை. மண்வெட்டி, கொடுவாள், தார்ப்பாய், முள்கம்பி எல்லாம் விற்கிறார். சந்தை நாளில் மலையிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கடைக்கு வந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அப்படி வருகிற ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் அத்தா என்னைப் பற்றிச் சொல்லிவைத்தார்.

“எம் பொண்ணு செடி பாக்க மலைக்கு வருது. கொஞ்சம் பாத்துக்கங்க” என்றவர், என் பக்கம் திரும்பி, “ஊரே செடிய வெட்றதுக்கு எங்கிட்ட கொடுவா வாங்கிகினு போவுது. நீ செடிய வேடிக்க பாக்கப் போற” என்று சிரித்தார்.

அவர்களுடைய மரவள்ளித் தோட்டம் வெள்ளிமலைக்கும் மேலே, காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. பன்றி வராமலிருக்கச் சுற்றிலும் முள்கம்பி கட்டியிருந்தார்கள். நல்ல மழைக்காலம். தோட்டத்தின் கீழ்மூலையில் ஒரு பலாமரம், அதன் அடியில் எப்போதும் ஈரம். அங்கே முழங்கால் உயரத்துக்கு இஞ்சித்தாள் மாதிரி ஒரு கூட்டம் நின்றது. மாங்காய் இஞ்சியாக இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தேன். தாளிலிருந்து தள்ளி, மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பூ தரையோடு தரையாக வாயைத் திறந்திருந்தது. வெளிர் மஞ்சள். உள்ளிதழ் முழுவதும் கருஞ்சிவப்புக் கோடுகள். நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

இந்தக் குடும்பத்துப் பூக்கள் காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் கூழாகிவிடும். காகிதத்தில் வைத்து அழுத்தினால் ஒன்றும் மிஞ்சாது. கொண்டுபோயிருந்த ஸ்பிரிட் பாட்டிலில் ஒரு பூவைப் போட்டு மூடிவிட்டு, கொஞ்ச தூரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டேன். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“இது என்ன செடிங்க அக்கா?”

“அதுவா? அது தானா வருது டீச்சர். புடுங்கிப் போட்டாலும் மறு மழைக்கு வந்து நிக்குது, சனியன்.”

தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார். ‘தானா’ என்ற அந்தச் சொல் அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

கல்லூரி நுண்ணோக்கியில் அந்தப் பூவைப் பிரித்துப் பார்த்து, வரைந்து, படமெடுத்து அனுப்பினேன். கைடு அதைத் தெரிந்தவர்களிடம் காட்டினார். கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது. பர்மா, தாய்லாந்துக் காடுகளில் மட்டும் இருப்பதாக எழுதப்பட்டிருந்த செடியாம். இந்தியாவில் அதுவரை யாரும் பதிவு செய்யவில்லையாம். “நாட்டுக்கே புதுசும்மா!” என்று கத்தினார். நான் வகுப்பறை வாசலில் நின்று, மாணவிகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதுவிட்டேன். சாயங்காலம் அத்தாவுக்குப் பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதும் கெழங்கு கிலோ இன்னா வெல போவும்?” என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டின் தாவரங்களோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், அது யாரும் கொண்டுவந்து வைக்காமல் தானாக அந்த மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். நட்ட செடி சேர்த்தி இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காகிதப்பூ பூத்துத் தள்ளுகிறது. அதை வைத்து யாரும் கட்டுரை எழுத முடியாது.

அடுத்த தடவை கைடும் வந்தார். காரில், தொப்பியோடு, பெரிய காமிராவோடு, இடத்தைக் குறிக்கிற ஜிபிஎஸ் கருவியோடு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தோட்டத்தில் இருந்தார்கள். கைடு பலாமரத்தடியில் நின்று கருவியைக் கையில் உயர்த்திப் பிடித்து, அட்சரேகை தீர்க்கரேகையை வாய்விட்டுப் படித்துக் குறித்துக்கொண்டார். நான்கு மூலைக்கும் நடந்து பார்த்தார். அந்த மனுஷர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைடு, ரொம்ப மரியாதையாகத்தான், கேட்டார்.

“ஐயா, இது காட்டுச் செடிதானே? இந்த இடமும் காடுதானே?”

அந்த மனுஷர் பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“காடு எங்க இருக்குது சார்? இது எங்க அனுபோகம். எங்கப்பா காலத்துலேர்ந்து பயிர் பண்றோம். இங்க இருக்கிற எல்லாம் நாங்க நட்டது.”

“இந்தச் செடியுமா?”

“அதுந்தான். மருந்துக்காவ கெழங்கு வச்சோம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அக்கா, அன்னிக்கு தானா வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க!”

“நான் எப்ப டீச்சர் சொன்னேன்?” அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாங்க நட்டதுதான் சார்” என்று கைடிடம் சொன்னார்.

பச்சைப் பொய். மலை இறங்கும்போது வழி முழுவதும் அந்த இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். வடக்கனந்தல் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள் என்று அத்தா எப்போதோ சொல்லியிருந்தார். பயிர் செய்கிற நிலம் என்று காட்டினால்தான் பட்டா. தானாக வளர்கிற இடம் என்றால் அது காடு, காடு என்றால் அவர்கள் வெளியே. தொப்பி போட்ட ஒருவர் கருவியோடு வந்து நின்று, இது காடுதானே என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? கேட்ட கேள்வி அப்படி. என் கைடு எத்தனையோ மலை ஏறியவர், அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

“பரவாயில்லம்மா” என்றார் அவர், காரில் வாழைப்பழம் உரித்துக்கொண்டே. “முதல்ல அவங்க வாய்தவறிச் சொன்னதுதான் நிஜம். காட்டோரம், இயற்கையாக வளர்வதுன்னு எழுது. யார் போய் அவங்ககிட்ட கேக்கப் போறாங்க?”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அவர்கள் தோட்டமே வேண்டாம், அந்தச் செடி வேறு எங்காவது இருக்கும் என்று தேடினேன். மழை ஓயும்வரை விடுமுறை நாளெல்லாம் அந்த மலைச் சரிவுகளில்தான் கிடந்தேன். அட்டை கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஓடை ஓரம், பலா நிழல், பாறை இடுக்கு என்று பார்க்காத இடமில்லை. போன இடமெல்லாம் பன்றி தோண்டிப்போட்ட மண்தான் கிடந்தது. கிழங்கு வாசனைக்கு அது விட்டுவைக்குமா? முள்கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொண்டதால் அந்த ஒரு மூலையில் மட்டும் செடி தப்பித்திருந்தது. அந்தக் கம்பி எங்கள் கடையில் வாங்கியது.

கட்டுரையை எழுதி முடித்திருந்தேன். அந்த வாரச் சந்தை நாளில் நான் கடையில் இருக்கும்போது அக்கா தனியாக வந்தார். அத்தா டீ சொன்னார். அக்கா அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“டீச்சர், பேப்பர்ல போடப் போறீங்களா?”

“செடியைப் பத்தித்தான் அக்கா. நிலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“சம்பந்தம் இல்லன்னா எதுக்கு அந்த மெசின வச்சி எடத்தக் குறிச்சிகினு போனாரு?”

நான் மேசைமேல் கிடந்த ரசீதுகளை அடுக்கினேன்.

“நீங்க பெரிய படிப்புப் படிக்கிறீங்க, சந்தோசம். எங்க எடத்துக்குப் பேரு காடுன்னு எழுதிப்புடாதீங்க. அத எவனாவது கொண்டாந்து நீட்டுனான்னா, நாங்க இன்னா பண்றது? அந்தச் சனியன நாங்கதான் நட்டோம். அப்டியே இருந்துட்டுப் போவட்டும்.”

ஆறிப்போன டீயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அத்தா கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இடத்தைச் சொல்லாமல் எழுதலாமா என்று கைடிடம் கெஞ்சினேன். “அரிய செடின்னு சொல்லி அச்சுல வேணா இடத்தை மறைக்கலாம். ஆனா இதழ்காரங்களுக்கும் மாதிரி வைக்கிற உலர்தாவரக் கூடத்துக்கும் சொல்லியே ஆகணும். எங்கயோ ஒரு ஃபைல்ல இருக்கும், அவ்வளவுதானே?” என்றார். ஒரு ஃபைலுக்குத்தான் அவர்கள் பயந்தார்கள். கட்டுரையை அனுப்பவில்லை. இதை நான் பெருந்தன்மையாகச் செய்யவில்லை. செய்த அன்றைக்கே எனக்குக் கசந்தது. அக்காவின் மேல் கோபம், ஊரில் இத்தனை கடை இருக்க எங்கள் கடையில் கம்பி வாங்கியதற்காகக்கூடக் கோபம். இன்னொருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் என்று நினைத்து நினைத்து வெந்தேன்.

பிறகு ஒருநாள் கைடு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரையை அனுப்பினார். வேறு மாநிலத்தில், யாரும் குடியில்லாத காட்டுக்குள் அதே செடியைக் கண்டுபிடித்து, இந்தியாவுக்குப் புதிய வரவு என்று பதிவு செய்திருந்தார்கள். படம் நன்றாக இருந்தது. அதே மஞ்சள், அதே கோடுகள். கைடு கீழே எதுவும் எழுதவில்லை, கும்பிடுகிற கைப்படம் ஒன்றைப் போட்டிருந்தார். என் ஸ்பிரிட் பாட்டில் பூ அதற்குள் நிறமெல்லாம் போய் வெளுத்திருந்தது.

தலைப்பை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். மரவள்ளித் தோட்டங்களின் களைகள். சிரிக்க வேண்டுமென்றால் சிரிக்கலாம், என் துறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். களை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு போன மழைக்காலத்தில் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். உண்மையில் களைக்காகப் போகவில்லை. நாட்டுக்கு முதல் வரவு என்ற பேர் போனால் போகட்டும், நம் மலையிலும் அது இருக்கிறது என்று கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

பலாமரம் இருந்தது. அதன் அடியில்கூட மரவள்ளிக் குச்சிகளை வரிசையாக ஊன்றியிருந்தார்கள். நிழலில் அவை வெளிறிப்போய் நின்றன. நான் மண்ணைக் கையால் கிளறினேன். ஒரு தாள் இல்லை, ஒரு கிழங்கு இல்லை.

அக்கா வந்தார். “வாங்க டீச்சர். எளச்சிட்டீங்களே.”

“அந்தச் செடி எங்க அக்கா?”

“அதா? எங்கயோ பேப்பர்ல வந்துச்சாம், செல்லுல அந்தப் பூவக் காட்டிகினு எந்த ஊரு புள்ளைங்களோ நாலஞ்சி பேரு வந்துச்சிங்க. இங்க இருக்குதா, காட்டுக்குள்ள எங்க போவணும்னு ஒரே கேள்வி. வூட்டுக்காரரு பயந்துட்டாரு. தோண்டி எடுத்துக் கொளுத்திட்டு, களக்கொல்லி மருந்தும் அடிச்சிட்டோம்.”

“பட்டா வந்துடுச்சா?”

“எங்க வந்துச்சி? மறுபடியும் அளக்க வராங்களாம்.”

அய்யோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எரிச்சது எரிச்சீங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று குரல் உயர்ந்தது. அக்கா என்னைத் திகைத்துப் பார்த்தார். அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, நான் எதற்குக் கத்துகிறேன் என்று புரியாத ஆச்சரியம்தான் இருந்தது.

“இன்னா டீச்சர் இது? நாங்க நட்டதுதான? நாங்க புடுங்கிட்டோம்.”

கத்த வந்தவள் அப்படியே நின்றேன். தானாக வளர்ந்தது என்று தெரிந்த ஆட்கள் உலகத்தில் நான்கே பேர். இரண்டு பேர் பயந்து மறைத்தார்கள், கைடுக்கு அதற்குள் மறந்துபோயிருக்கும். மீதி இருந்தவள் நான். அது நட்டதுதான் என்று நானும் ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொண்டவள். இப்போது என்ன சொல்லிச் சண்டை போடுவது?

அக்கா மரவள்ளிக்கிழங்கு அவித்திருந்தார். தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.