காமாட்சிக்கு நாங்கள் வைத்த கூட்டம்

போன கிழமை சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் வாய்க்கால்காரர். அதாவது, ஒரே வாய்க்காலில் என் வயலுக்கு மேலே அவருடைய வயல். கையில் பை, வாயில் வெற்றிலை, மனதில் நாட்டுப்பற்று.

“கேட்டியளே?” என்றார். “காமாட்சி திரும்பி இந்தியாவுக்கே போட்டாளாம். நல்லதுதான். விசா முடிஞ்ச ஆக்களுக்கெல்லாம் அரசாங்கம் பிச்சைச் சம்பளம் குடுக்க வெளிக்கிட்டால், நாளைக்கு எங்களுக்கு என்ன மிஞ்சும்?”

நான் மறுமொழி சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும்... சண்டை வந்தால் அடுத்த போகத்துக்கு எனக்குத் தண்ணீர் வராது. மேல்வயல்காரனோடு கோபித்துக்கொள்ள வன்னியில் எவனுக்கும் வசதி கிடையாது. ஆகவே அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அவர் பத்திரிகை வாசிப்பதில்லை.

பிச்சைச் சம்பளம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆதரவில்லாத விதவைக்கும் எழும்பி நடக்கமுடியாத நோயாளிக்கும் அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் சிறு உதவி. அரசாங்கக் கந்தோரில் அதற்கு ‘பொதுசன உதவி’ என்று மரியாதையான பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் சனம் வைத்த பெயர்தான் நிலைத்தது. வாங்குகிறவள் கூசிக் குறுகித்தான் வாங்கவேண்டும் என்பதில் எங்களுக்கு அவ்வளவு அக்கறை!

காமாட்சி யார்?

வட்டக்கச்சியில் எங்கள் குடியேற்றத்தில் நாகலிங்கம் என்றொருவர் இருந்தார். பருத்தித்துறைப் பக்கத்து ஆள். எங்களோடு ஒன்றாகக் காணி கிடைத்து வந்தவர். வேதாரணியத்தில் போய்க் கலியாணம் கட்டினார். அதில் ஒரு அதிசயமும் இல்லை. பருத்தித்துறை ஆட்களுக்கு வேதாரணியம் என்பது கடலுக்கு அந்தப்பக்கத்து ஒழுங்கை, அவ்வளவுதான். கொழும்புதான் அவர்களுக்கு வெளிநாடு.

புது மனைவி காமாட்சியை ஆறு மாத விசாவில் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். ஆறு மாதம் முடிந்தது. “கட்டின பெண்சாதிக்கு என்னத்துக்கு விசா?” என்று நாகலிங்கம் கேட்டார். எங்களிடம்தான் கேட்டார். நாங்களும் “அதுதானே!” என்றோம். கேட்கவேண்டிய இடத்தில் அந்த மனுஷன் கேட்கவே இல்லை. முறைப்படி எழுதிப் பதிந்திருந்தால் வழி இருந்திருக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது சொல்லி என்ன?

வருடங்கள் போயின. ஒரு பெண்பிள்ளை பிறந்தது. காமாட்சி எங்களோடு களை பிடுங்கினாள், அரிவி வெட்டினாள், சூடடிக்கிற நாட்களில் முழுக் களத்துக்கும் சமைத்துப் போட்டாள். எங்கள் பேச்சும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த ஒருவர் அவளுடைய பேச்சைக் கேட்டால் வடமராட்சிப் பெண் என்றுதான் நினைப்பார். அவள் வெட்டிய நெல்லை அரசாங்கத்துக்கென்று சங்கம் வாங்கியது. மூட்டையை அவிழ்த்து, ‘இது விசா உள்ள கை வெட்டினதோ, விசா இல்லாத கை வெட்டினதோ’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த மாரியில், வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன நாகலிங்கத்தைப் புடையன் பாம்பு கடித்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே முடிந்துவிட்டது.

தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று காணிக் கந்தோரில் கேட்டபோது, கலியாணத்துக்கு முன்பே அவர் தமையனின் பெயரைக் கொடுத்திருந்தார். பிறகு அதை மாற்றவேண்டும் என்று நினைத்தாராம். எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் பிறகுதானே செய்வார்கள்! தமையன் செத்தவீட்டுக்கு வந்தார். எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்ததும் வரம்பில் நடந்து பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காமாட்சியையும் பிள்ளையையும் வீட்டில் இருக்கவிட்டார். அடுப்பில் எதை வைப்பார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

ஊர் அதிகாரியான எங்கள் விதானையார்தான் பிச்சைச் சம்பளத்துக்கு எழுதிப் போட்டார். அவர் விஷயம் தெரிந்தவர். கணவன் இல்லை, ஒரு பிள்ளை, வருமானம் இல்லை... கேட்டதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. விசாரணைக்கு உத்தியோகத்தர் ஒருவர் வருவார் என்று மறுமொழி வந்தது.

வழக்கமாக இப்படியானவர் வந்தால் விதானையார் வீட்டுக் கதிரையில் இருப்பார், நாலு கேள்வி கேட்பார், ஒரு தேத்தண்ணி குடிப்பார், போய்விடுவார். அப்படியே விட்டிருக்கலாம்.

ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி இருக்கிறது. உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும். மேசை, மேசைவிரிப்பு, மாலை, வரவேற்புரை! பாலம் வேண்டும் என்றால் கூட்டம். பஸ் வேண்டும் என்றால் கூட்டம். பாலமும் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. கூட்டம் மட்டும் ஒரு குறையுமில்லாமல் நடக்கிறது.

கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் அம்பலவாணர் மாஸ்டர், பென்சன் எடுத்த வாத்தியார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே. கெட்டவன் வாய் திறந்தால் உடனே உஷாராகிவிடுவோம்... நல்லவர் எழும்பிப் பேசும்போது யார் சால்வையில் பிடித்து இழுப்பது?

விதானையார் இழுத்துப் பார்த்தார். “மாஸ்டர், இது கூட்டம் வைக்கிற அலுவல் இல்லை. அவர் வந்து பாத்திட்டுப் போகட்டும்.”

“என்ன கதைக்கிறீர், விதானையார்? ஆதரவில்லாத ஒரு பொம்பிளைக்குப் பின்னால ஊர் நிக்குதெண்டு காட்டவேண்டாமோ?”

காட்டினோம். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, யாரோ வீட்டுப் புதுப் படுக்கைவிரிப்பை அதன்மேல் விரித்து, செவ்வரத்தம்பூ மாலை கட்டி... வந்தவர் ஒரு நடுத்தர வயதுக்காரர். சைக்கிளில் கிரவல் புழுதியெல்லாம் பூசிக்கொண்டு வந்திறங்கியவர், மாலையைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்ததை நான் கண்டேன். காமாட்சி முன்வாங்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அவர் கேட்டது இவ்வளவுதான். பெயர் என்ன? பிள்ளை ஒன்றுதானா? வயலில் இருந்து ஏதும் கிடைக்குமா? உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்களா?

“இல்லை ஐயா. கூலிக்குக் கூப்பிட்டால் போறனான். கூப்பிடாத நாளையில ஒண்டுமில்லை.”

எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

“சரி, பிள்ளை. நான் சிபார்சு செய்யிறன். வாற மாசத்தில இருந்து கிடைக்கும். யோசியாதையுங்கோ.”

காமாட்சி கும்பிட்டாள். அவர் எழும்பினார். விதானையாரும் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிமிஷத்தில் கூரை இடிந்து விழுந்திருந்தாலும் காமாட்சிக்கு நன்மைதான்.

“ஐயா, ஒரு நிமிஷம்! ரெண்டே ரெண்டு வார்த்தை...”

அம்பலவாணர் மாஸ்டர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிட்டார். இரவிரவாகப் பாடமாக்கிய பேச்சு. அதைப் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோக எந்தத் தமிழனால் முடியும்?

“பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே! இந்தக் காமாட்சி சாதாரணப் பெண் அல்லர். ஆறே ஆறு மாதங்கள் தங்கிச் செல்வதற்கென்று கடல் கடந்து வந்தவர், ஒன்பது ஆண்டுகளாக எங்கள் மண்ணைவிட்டு ஓர் அடிதானும் நகர்ந்தாரில்லை! பெற்ற தாய் இறந்தாள் என்று வேதாரணியத்திலிருந்து தந்தி வந்தது. போனாரா? போகவில்லை! ஏன்? போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பதை அறிந்திருந்தார். தாயின் முகத்தைக்கூடப் பாராமல், கணவனே கதி என்று இங்கேயே இருந்த இந்தப் பத்தினித் தெய்வத்துக்கு...”

கைதட்டல். எல்லோரும் தட்டினோம். பேச்சு அவ்வளவு அருமை!

தட்டாதவர்கள் மூன்று பேர். விதானையார் தலையில் கையை வைத்துவிட்டார். உத்தியோகத்தர் நின்ற நிலையிலேயே நின்றார். காமாட்சி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். எங்கள் எல்லோருக்கும் முன்னதாக அவளுக்கு விளங்கிவிட்டது.

உத்தியோகத்தர் திரும்பக் கதிரையில் இருந்தார்.

“மாஸ்டர்,” என்றார் மெதுவாக. “நான் கேக்காமல் விட்ட கேள்விக்கு நீங்கள் ஏன் மறுமொழி சொன்னீங்கள்?”

மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. “ஐயா... நான் நல்லதுக்குத்தானே...”

“இவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டீங்கள். இனி என்ர காதில விழேல்லை எண்டு சொல்லேலாது. இதில இருக்கிற ஒராள் நாளைக்கு ஒரு பெட்டிசம் எழுதினால் என்ர வேலை போகும். எனக்கும் பிள்ளையள் இருக்குது.”

அப்படி ஒருவரும் எழுதமாட்டோம் ஐயா என்று யாராவது எழும்பிச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எங்களை எங்களுக்குத் தெரியும். எல்லோரும் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தோம். உத்தியோகத்தர் பேனாவைத் திறந்தார்.

பிச்சைச் சம்பளம் இல்லை என்று அறிவித்தல் வந்தது. அதோடு நின்றதா? பின்னால் பொலிஸ் வந்தது. விசா முடிந்து தங்கியிருப்பவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும். உதவி கேட்டுப் போனவளுக்கு இருந்த இடமும் போயிற்று. கேட்காமல் பட்டினி கிடந்திருந்தால் வட்டக்கச்சியிலேயே கிடந்திருப்பாள்!

இப்போது என் மேல்வயல்காரரின் கேள்விக்கு வருகிறேன். விசா முடிந்தவர்களுக்கு அரசாங்க உதவி கொடுக்கலாமா?

நியாயமான கேள்வி. வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க எந்த அரசாங்கத்திடமும் வற்றாத களஞ்சியம் இல்லை. சட்டம் என்று ஒன்று வேண்டும். எல்லாம் சரி... ஆனால் கேட்கிறவர் யார்?

காட்டை வெட்டித் தந்து, வீட்டைக் கட்டித் தந்து, விதைநெல்லும் மண்வெட்டியும் கையில் தந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயல்வாசலில் கொண்டுவந்து விட்டார்கள் எங்களுக்கு. அதற்குப் பெயர் அபிவிருத்தி. காமாட்சிக்கும் பிள்ளைக்கும் கொடுக்க இருந்தது அரைவயிற்றுக் கஞ்சிக்குக் காணாது. அதற்குப் பெயர் பிச்சை! விளைந்த நெல்லை நல்ல விலைக்கு அரசாங்கத்திடமே விற்றுவிட்டு, அரசாங்கம் மலிவாகத் தருகிற கப்பல் அரிசிக்குப் பையோடு வரிசையில் நிற்கிறோம். நானும்தான் நிற்கிறேன். நின்றுகொண்டு, ஒரு விதவை அள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்று பயப்படுகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்திறங்கிய புதிதில் பழைய வன்னிச் சனம் எங்களை ‘வந்தான் வரத்தான்’ என்றபோது எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது!

ஒன்பது வருடம் ஒருத்தியிடம் வேலை வாங்கும்போது அவள் எங்கள் ஊர்ப்பெண். அவளுக்குச் சோறு போடவேண்டி வந்ததும் வெளிநாட்டுக்காரி. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கினவர்கள் எழுதுங்கள்.

அவளை ரயிலேற்ற விதானையாரும் நானும் கிளிநொச்சி ஸ்டேசனுக்குப் போனோம். மதவாச்சியில் இறங்கி, மன்னார் ரயிலில் மாறி, தலைமன்னாரில் கப்பல். அம்பலவாணர் மாஸ்டரும் வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாவம், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்படியிருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. “சங்கத்தின்ர சார்பில ஒரு பிரியாவிடையாவது...” என்று தொடங்கினார்.

“வாயை மூடிக்கொண்டு நில்லும், மாஸ்டர்!” என்றார் விதானையார். மாஸ்டரை ஒருவர் அப்படி அதட்டியதை அன்றுதான் கேட்டேன். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகும்படி நாகலிங்கத்தின் தமையன் கேட்டிருந்தார். பிள்ளை இங்கே பிறந்தது, தகப்பன் இந்த நாட்டுக்காரர், ஆகவே பிள்ளை இந்த நாட்டுப் பிரசை. அதை ஒருவரும் வெளியேற்ற முடியாது. காமாட்சி மறுத்துவிட்டாள். தாயோடு போவதென்றால், இந்தியாவுக்கு அந்தப் பிள்ளை வெளிநாட்டுக்காரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு விசா எடுத்திருந்தார்கள்.

“எவ்வளவு காலத்துக்குக் குடுத்திருக்கினம், தங்கச்சி?” என்று கேட்டேன்.

“மூண்டு மாசம், அண்ணை.”

“மூண்டு மாசம் முடிஞ்சால்?”

காமாட்சி என்னைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக எங்கள் பேச்சையே பேசியவளின் வாயில் அவளுடைய ஊர்ப்பேச்சு திரும்பி வந்தது.

“முடிஞ்சா என்னண்ணே? பெத்த புள்ளைய யாருகிட்ட அனுப்புவேன்? என் மடியிலதான் இருக்கும்.”

ரயில் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தோம்.

வேதாரணியத்திலும் நல்ல மனுஷர் இருப்பார்கள்... அவர்களுக்குக் கூட்டம் வைக்கத் தெரியாமல் இருக்கட்டும்.