பதினோராம் நாள் அணைந்த குதிரை

செல்லசாமி முதலில் நிஜக் குதிரைக்குத்தான் குதிரைக்காரராக இருந்தார். அது எழுபத்தைந்துக்கு முன்னால். தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரப் பெரியதுரையின் செங்குதிரை. அது ராகலையில் தும்மினால் கந்தப்பளையில் முட்டைக்கோசு இலை மூடிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நம்பினார்கள். செல்லசாமியும் நம்பினார், அதுதான் ஆச்சரியம். "கோசு மட்டுமில்லீங்க டீச்சரம்மா, லீக்ஸும் சாஞ்சிரும்" என்று என்னையே திருத்தினார்.

தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரை கப்பலேறினார், அவர் இடத்துக்கு உள்ளூர்ப் பெரியதுரை வந்தார். குதிரையை நுவரெலியாவில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். செல்லசாமிக்கு ஒரு புல்வெட்டும் கத்தியைக் கொடுத்து, உதவி மேனேஜரான சின்னதுரையின் பங்களாத் தோட்டத்தில் விட்டார்கள். பன்னிரண்டு வருஷம் புல் வெட்டினார். ஆனாலும் பங்களா சமையல்காரன் சிவசாமி முதல் தொழிற்சாலைக் காவல்காரன் வரை எல்லோருக்கும் அவர் "குதிரைக்கார மாமா"தான்.

எண்பத்தேழு மார்ச் கடைசியோடு அவருக்கு அறுபது. எந்தக் கணக்கப்பிள்ளை எந்த மப்பில் எழுதிய பிறந்த தேதியோ, தொழிலாளர் பேர்ப்பதிவேடான செக்ரோல் சொன்னால் சொன்னதுதான். அறுபதானால் பேர் வெட்டிவிடுவார்கள். அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் ஒருவராவது இல்லாத குடும்பத்துக்கு லயத்து வரிசை வீடுகளில் காம்பரா, ஓர் அறைகூடக் கிடையாது. செல்லசாமி வீட்டில் இருந்தது மகள் நாகலெட்சுமியும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும். காணி கிடைக்கும் என்று வவுனியாப் பக்கம் போய், எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு புருஷனை அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள். போகும்போது பேரை வெட்டியிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பேர் இல்லாமலே கொழுந்து எடுத்தாள். மார்ச் முடிவதற்குள் அவள் பேர் பதிந்தால் காம்பரா நிற்கும். இல்லாவிட்டால் நாலு பேரும் ரோட்டில்.

அந்த வருஷம் ஜனவரியில்தான் சின்னதுரையின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டி அனுப்பினார். டி.வி.யில் மாட்டி விளையாடுவது. ஒரு வீரன், காடு, பனிமலை, மலை உச்சியில் ஒரு கோட்டை. வீரன் குதிரைமேல் வந்தால்தான் கோட்டைக் கதவு திறக்கும். நடந்து போனவனுக்கு ஒரு எலிப்பொந்துகூடத் திறக்காது. சின்னதுரை ஒன்பது குதிரையைத் தொலைத்துவிட்டு, மழை பிடித்த ஒரு மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே கத்தியோடு நின்றவரைக் கூப்பிட்டார். சின்னதுரை சிங்களக்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"செல்லசாமி, நீ குதிரைக்காரன்தானே? இங்க வா. இந்தச் சனியன் ஏன் ஓடிப் போகுது?"

கால் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், டி.வி.யைப் பார்த்தார். கட்டைவிரல் அளவு குதிரை.

"எறங்குனதும் எங்க கட்டுனீங்க தொரை?"

"கட்டுறதா?"

"கட்டாத குதிரை நிக்குமா? நானா இருந்தாலும் ஓடிருவேனுங்க."

சின்னதுரை புத்தகத்தைப் புரட்டினார். மரத்தின் பக்கத்தில் இறங்கி ஒரு பொத்தானை அமுக்கினால் கட்டலாம் என்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. அன்று முதல் செல்லசாமிக்குப் பங்களாவுக்குள் ஒரு முக்காலி.

அந்த விளையாட்டில் குதிரை சும்மா கிடைக்காது. மூன்று தரம் புல் கொடுத்த பிறகுதான் ஏற விடும். ஏறினால் ஒரு அடிக்கு இரண்டு அடி போகும். ஆனால் அடர்ந்த காட்டுக்குள் நுழையாது, குகைக்குள் வராது, மேலே உட்கார்ந்தபடி வாள் வீச முடியாது. குதிரையின் பலத்தைக் காட்ட மூலையில் பத்துப் பச்சைக்கோடு. ஓட்டினால் ஒவ்வொன்றாக அணையும். எல்லாம் அணைந்தால் குதிரை விழுந்துவிடும். சின்னதுரைக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த விஷயம், செல்லசாமிக்குப் பார்த்துப் பழகிய விஷயம். "மேட்டுல எறங்கிருங்க தொரை, கையில புடிச்சி நடத்துங்க" என்பார். இறங்கி நடத்தினால் கோடு அணையவில்லை. இது புத்தகத்திலேயே இல்லை. சின்னதுரை தொடையில் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் செல்லசாமி வாயைத் திறந்தார். மகள் கதையைச் சொன்னார்.

"இந்தக் குதிரை கோட்டைக்குப் போகட்டும் செல்லசாமி. நான் பெரியதுரைகிட்டப் பேசுறேன்."

இதைக் கேட்டு நாகலெட்சுமி சிரிக்கவில்லை. "மனுசன் பேர் பதியிறதுக்கு டி.வி. குதிரை மலையேறணுமாப்பா?" என்றாள்.

"தொரை வாக்கும்மா."

"தொரை வாக்கு சரி. குதிரை வாக்கு என்னா சொல்லுது?"

சிவசாமிக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. "மாமா, இன்னைக்கி சாணி அள்ளியாச்சா? நான் கூட்டும்போது டி.வி.க்கடியில கொஞ்சம் கெடந்திச்சே!" செல்லசாமி கோபிக்கவில்லை. ஒரு தடவை மட்டும், யாரும் இல்லாதபோது, டி.வி.க்கு அடியில் எட்டிப் பார்த்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டார்.

விளையாட்டை நிறுத்திய இடத்தில் பத்திரப்படுத்தி வைக்க ஒரு டேப் கெசட் இருந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் செருப்பிலேயே காளான் முளைக்கும். பெப்ரவரி கடைசியில் கெசட் நாடாவுக்கும் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. புதுக் கெசட் கொழும்பிலிருந்து வரவேண்டும். பெட்டியை அணைத்தால் விளையாட்டு முதலிலிருந்து. அதனால் சின்னதுரை அணைக்கவே இல்லை. தொழிற்சாலைத் தண்ணீர்ச் சக்கரத்துக் கரண்ட், நிற்காமல் வந்தது. இரவும் பகலும் பத்து நாள் பெட்டி எரிந்தது. "யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது" என்று பங்களா முழுக்கக் கட்டளை.

பதினோராம் நாள் காலை குதிரை பனிமலை அடிவாரத்தில் நின்றது. இனி ஒரே ஏற்றம். மூலையில் மூன்று கோடு. "மத்தியானம் வந்து ஏறுவோம். நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சின்னதுரை தேயிலை மலைக்கு வேலை பார்க்கப் போனார்.

செல்லசாமி முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். குதிரை தலையை ஏற்றி இறக்கிக்கொண்டே நின்றது. நிற்கும்போதும் அது அப்படித்தான் ஆட வேண்டும் என்று யாரோ அதை எழுதியிருந்தார்கள். செல்லசாமிக்கு அது தெரியாது. பதினோரு நாளாக வெளிச்சத்தில் நின்ற குதிரை, உறக்கமில்லாமல் தலையாட்டுகிறது என்று பட்டது. பெரிய ஏற்றத்துக்கு முன்னால் லாயக்கதவைச் சாத்தி, ஒரு மணிநேரம் இருட்டில் விடுவது குதிரைக்காரன் வழக்கம். அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பெட்டி மட்டும் எரிந்தது.

சுவிட்சைத் தொடக்கூடாது என்ற கட்டளை அவருக்கு மறக்கவில்லை. வெள்ளைக்காரத் துரையும் அப்படித்தான் கத்துவார், குதிரையை ஒருத்தனும் தொடக்கூடாது என்று. அந்த ஒருத்தனில் குதிரைக்காரன் சேர்த்தியில்லை. குதிரைக்காரன் தொடாமல் குதிரை எப்படி?

அணைத்தார். இருட்டில் வாயிலுக்கு முன்னால் குந்திக்கொண்டார், சிவசாமி சத்தம் போட்டு அதை எழுப்பிவிடாமல்.

சின்னதுரை ஒரு மணிக்கு வந்தார்.

"யாரு அணைச்சது?"

"நான்தானுங்க தொரை. கொஞ்சம் கண்ணசரட்டும்னு."

சின்னதுரை சுவிட்சைப் போட்டார். பாட்டு வந்தது, பெயர் வந்தது, வீரன் வந்தான். வெறும் வீரன், புல்வெளி நடுவில்.

"குதிரை எங்கங்க?"

"இல்ல."

"தேடிப் பாப்போமுங்க தொரை. கட்டித்தானே இருந்திச்சி."

"அது இல்ல செல்லசாமி. அது இல்லவே இல்ல. இனிமே புதுசா ஒண்ணு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடச் செல்லசாமி மறுபடி ஒரு வார்த்தை கேட்டிருப்பார். சின்னதுரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லசாமி முக்காலியை எடுத்து அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் போய்ப் புல் வெட்டினார். சிவசாமி அன்று ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தான்.

இதுவரை சொன்னதில் கோசு, காளான் தவிர மற்றதெல்லாம் நடந்தது. இனி சொல்வதில் பொய் சேர்க்க இடமில்லை.

தோட்ட ஆபீஸில் கிளார்க்காக இருந்த பத்திநாதன் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர். மார்ச் நடுவில் பூசை முடிந்து வரும்போது சொன்னார். சின்னதுரை ஜனவரியிலேயே பெரியதுரையிடம் கேட்டாராம். "புதுப் பேர் ஒன்றும் பதிவதில்லை, மேலிடத்து உத்தரவு" என்று பெரியதுரை அன்றே முடித்துவிட்டாராம். முக்காலி போட்ட முதல் வாரமே முடிந்த விஷயம் அது. குதிரை கோட்டைக்குள் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாலும் நாகலெட்சுமி பேர் பதிந்திருக்காது.

நான் நேராக லயத்துக்குப் போனேன். அந்த மனுஷர் தன் கையைப் பார்த்துப் பார்த்து நொந்துகொண்டிருந்தார், இதைச் சொன்னால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். முழுக்கச் சொன்னேன்.

செல்லசாமி கேட்டுவிட்டு, "இல்லீங்க டீச்சரம்மா" என்றார். "தொரை அப்படிச் செய்யமாட்டாரு. ரெண்டு மாசம் பக்கத்துல ஒக்கார வச்சாரு. நான்தானே அணைச்சேன்?"

"அப்பா, டீச்சர் பொய்யா சொல்றாங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"டீச்சரம்மா சொன்ன கோசுக் கதையையும் நான் கேட்டிருக்கேன்ல?"

என் வாழ்க்கையில் நான் அளந்த எல்லாக் கதைக்கும் சேர்த்து அன்று வாங்கிக்கட்டிக்கொண்டேன். பத்திநாதனையே கூட்டிவந்து சொல்ல வைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று நாகலெட்சுமி கண்ணைக் காட்டினாள். படலைவரை வந்து மெதுவாகச் சொன்னாள்: "தன்னால கெட்டுச்சின்னு நெனச்சா, தன்னால நடந்திருக்கும்னும் நெனச்சுக்குவாருங்க. அதையும் புடுங்கிட்டா என்னா இருக்கு?"

மார்ச் முப்பத்தோராம் தேதி காம்பராவைக் காலி செய்யச் சொல்லக் கங்காணி வந்து நின்றார், தலையைக் குனிந்துகொண்டு. ராகலைக்குக் கீழே ஒரு மரக்கறித் தோட்டக்காரர், உரமூட்டை அடுக்கும் கொட்டிலில் ஒரு பக்கம் இருக்கச் சொன்னார். சட்டி பானை, பாய், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாம் இரண்டே நடையில் முடிந்தன. நாகலெட்சுமி அங்கே கூலிக்குக் களை பிடுங்கினாள். பெரியவள் பள்ளிக்கூடம் வருவது நின்றது. ஒரு வாரம் கழித்துச் சின்னவளும்.

அவர்கள் விட்டுப் போன காம்பராவை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு கூரைத் தகரத்தைக் கழற்றித் தோட்டத்து மாட்டுப் பட்டிக்குப் போட்டார்கள்.