சிவப்பு குறைந்த திரை

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கணவர் ஒரு சின்ன கேம் கடை வைத்திருந்தார். மீன்பிடிக்கிற குடும்பம், கடலுக்குப் போகப் பிடிக்காமல் கரையில் அவர் தேடிக்கொண்ட பிழைப்பு அது. சனி, ஞாயிறுகளில் பொத்தேரி கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் வந்து இறங்குவார்கள். புதுத் திரைகள் இருந்தும், மூலையில் நின்ற பழைய வீடியோ கேம் பெட்டிக்குத்தான் போட்டி. ஆள் உயரம் இருக்கும். உள்ளே பழைய டி.வி.களில் இருந்த அதே கனமான பிக்சர் டியூப்.

போன மழைக்காலத்தில் அதில் சிவப்பு காணாமல் போனது. ஆட்டத்தில் வருகிற தீயெல்லாம் பச்சையாக எரிந்தது. கடையைப் பாதி சாத்திவிட்டு இருவருமாகப் பின்பலகையைக் கழற்றினோம். சிறுசேரியில் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. கேம் போர்டிலிருந்து வரும் சிவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் இடம் மாற்றிச் செருகச் சொன்னேன். கோளாறு போர்டில் என்றால் இப்போது பச்சை போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியென்றால் மானிட்டரில்தான். டியூப்பின் கழுத்தில் மாட்டியிருந்த சின்ன போர்டில், சிவப்புக்குரிய இடத்தில் ஈயப் பற்று விட்டிருந்தது. உப்புக்காற்றின் வேலை. அவர் புதிதாக ஈயம் வைத்ததும் தீ சிவப்பாக எரிந்தது. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஆட்டம் இலவசம்.

பொங்கல் கழிந்து மறுபடி ஆரம்பித்தார். சிவப்பு வெளுத்துக்கொண்டே வருகிறதாம். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ஆபீஸ் களைப்பில் நான் ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்றார். ஈயத்தைச் சுரண்டி மறுபடி வைத்தார். டியூப்பில் காந்தம் ஏறியிருக்கும் என்று அந்தக் காந்தத்தைப் போக்குகிற கம்பிச் சுருளைக் கடன் வாங்கி வந்து கண்ணாடி முன்னால் சுற்றினார். எதிலும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் சோறு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். திரை முழுக்க ரத்தம் கொட்டியது போல் இருந்தது. ஆடுகிற பொம்மைகளுக்கு முகமே தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து ஸ்குரூ டிரைவரோடு எழுந்து வந்தார்.

"இப்போ எப்டி கீது?"

"ரொம்ப செவப்பா கீதுய்யா."

"இன்னாத்த சொல்ற. இப்பத்தான் லேசா வந்துகீது."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. சோற்று டப்பாவின் சிவப்பு மூடியைக் கழற்றிக் காட்டி, இது என்ன கலர் என்று கேட்டேன். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணு கலரு. ஏன்?"

அன்று சாயங்காலமே செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். புள்ளிப் படங்களைக் காட்டினார்கள். அதில் இருந்த எண்களை அவரால் வாசிக்க முடியவில்லை. சோதனைகளெல்லாம் முடிந்த பிறகு டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. தாய்வழியில் வருகிற நோய். இளவயசு ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கும். முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வையின் நடுப்பகுதி போகும். நிறுத்துவதற்குத் தன்னிடம் மருந்து இல்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், தன் அம்மாவிடம் இது தாய்வழி நோய் என்று சொல்லிவிடக் கூடாது என்று.

கோடை முடிவதற்குள் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போனது. கடையை மூடினோம். பழைய பெட்டியைப் படாளத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏற்றுவதற்கு முன் சிவப்பை நான்தான் குறைத்து வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று, எந்தத் திருகு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொன்னார். "சரியா வந்துச்சா?" என்றார். வந்துவிட்டது என்றேன்.

இப்போது அவருக்கு ஓரங்கள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. காலையில் என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வருவார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் நேராகப் பார்க்கக் கூடாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். எங்கள் இருவருக்கும் சண்டை என்று பஸ்ஸில் தினமும் வருகிற பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.