கடைசியாக ஓடியவனுக்காகக் கத்தியவர்

காத்மாண்டு, டாக்கா, கொழும்பு என்று சுற்றிவந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டி ஒரு வழியாக மெட்ராசுக்கே வந்துவிட்டது. வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், முதலாளி முறைத்தும் லீவு போட்டுவிட்டு, செக்கிங்கில் இருந்த என்னையும் ரயிலேற்றினார். ஒல்லியான மனிதர்; நரைத்த மீசை. யார் சட்டையைக் கண்டாலும் துணியைத் தொட்டுப் பார்ப்பார். கேலரியில் முன்னால் இருந்தவரின் காலரைக்கூட விடவில்லை.

அன்று நீண்ட தூர ஓட்டம். நம்மவர் முதலில் வந்தபோது அரங்கமே எழுந்து ஆடியது. மாஸ்டர் உட்கார்ந்தபடியே கைதட்டினார். எல்லோரும் முடித்த பிறகும் பக்கத்து நாட்டுப் பையன் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு சுற்று பாக்கி. கால்கள் பின்னின. நின்றுவிடுவான் என்றே நினைத்தேன்.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "உட்ராத கண்ணு! ஓடு, ஓடு!"

"ஏனுங்க மாஸ்டர், நம்மாளு ஜெயிச்சப்ப இப்படிக் கத்தலீங்களே?"

"அவனுக்குக் கத்த இத்தன பேரு இருக்கறாங்கல்லோ. இந்தக் கண்ணுக்கு இங்க ஆருங்க இருக்கறாங்க? நீங்களும் கத்துங்க!"

கத்தினேன். எங்கள் வரிசை கத்தியது. பிறகு கேலரி முழுவதும். பையன் தலை நிமிர்ந்து பார்த்தான். கடைசி வளைவில் வேகமெடுத்து, கோட்டைத் தாண்டி விழுந்து, எழுந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தான். மாஸ்டர் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார்.

திரும்பும் ரயிலில் அவர் தொண்டை அடியோடு கட்டிவிட்டது.

"அந்தப் பையன் எந்த நாடுங்க?" என்று கேட்டேன்.

இரு கைகளையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். சத்தமே வராத அந்தச் சிரிப்பு காட்பாடி தாண்டியும் ஓயவில்லை.