பாவுக்கு இரண்டு பக்கமும் நின்ற கமிட்டி

என் வீட்டுக்காரருக்குத் தறியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். எலெக்‌ஷன் என்று வந்துவிட்டால் எந்த வலியும் இருக்காது. எங்கள் நெசவுத் தெருக்காரர்கள் கூடி நடத்திய பள்ளிக்கூடத்துக்கு ஒரு கமிட்டி உண்டு. சில வருஷங்களுக்கு ஒருமுறை, தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு என்று, தெருவுக்கு ஒரு மெம்பரைத் தேர்ந்தெடுப்பார்கள். சம்பளம் கிடையாது. கூட்டத்தன்று காப்பியும் காராச்சேவும் உண்டு. அந்தக் காராச்சேவுக்காக இவர் மூன்று தடவை நின்றார். பெண் கேட்டு வந்தபோது இந்த விஷயத்தை மட்டும் யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

முதல் தடவை நின்றது அறுபதுகளின் நடுவில். சின்னம் குலுக்கிப் போட்டதில் இவருக்குக் குடை விழுந்தது. அருப்புக்கோட்டையில் குடை! வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வோம். மழை என்ற ஒன்று வந்தால் எல்லோரும் வெளியே வந்து நின்று நனைவோம். அப்படிப்பட்ட ஊரில் இவர் மதுரைக்குப் போய் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்து, அதை விரித்துப் பிடித்தபடி வீடு வீடாக ஏறி இறங்கினார். மாடுகள் மிரண்டன.

மல்லாங்கிணற்றிலிருந்து மைக் செட்டும் வந்தது. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. சண்டையும் அதில்தான், இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ஆனால் மைக்கைக் கண்டால் இவர் வாயில் செந்தமிழ் பொங்கும். "அறிவியற்கூடம் அமைப்பேன், விளையாட்டுத் திடல் அமைப்பேன், நீச்சற்குளம் அமைப்பேன்!" என்று முழங்கினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு குடிதண்ணீருக்கு அலைகிற ஊரில் நீச்சல் குளம். குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் என்று நான் சொன்னேன். ஊர் அதையே ஓட்டில் சொல்லியது.

இரண்டாவது தடவை வாக்குறுதியைக் குறைத்துக் காப்பியைக் கூட்டினார். எங்கள் வீட்டு அடுப்பு அந்த மாதம் முழுக்க அணையவே இல்லை. தெரு மொத்தமும் வந்து குடித்துவிட்டு, "காப்பி பிரமாதம்க்கா" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நூல்கடை முதலாளியின் மச்சினருக்கு ஓட்டுப் போட்டது. அதில் அதிசயம் இல்லை. தெருவில் பாதித் தறிகளில் ஓடியது அந்த முதலாளி கொடுத்த நூல். பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவரும் அவரே.

தோற்ற அன்று இவர் குடையை மடக்கிப் பரணில் போட்டுவிட்டு, "இனி அரசியலே வேண்டாம்" என்றார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அந்தத் தேங்காய் வீணாகப் போனதற்குக் காரணம் என் மகள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, காய்கிற வரைக்கும் பிரஷ்ஷால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் ஏறும் முன்னால் செய்கிற வேலை. கஞ்சி போட்ட பிறகு யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் இழையோடு இழை ஒட்டிப் பாவு பாழ். அறுந்த இழையை முடிய பிள்ளைகளின் சின்ன விரல்தான் தோது. அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் கஞ்சிக் கையோடு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது மணி பெல் அடித்து, கேட்டைச் சாத்தியிருப்பார்கள். பெல் அடித்த பின் யாரும் உள்ளே வரக் கூடாது, யாரும் வெளியே போகவும் கூடாது என்பது கமிட்டித் தலைவர் போட்ட சட்டம். பிள்ளைகள் முதல் பாடம் முடியும் வரை வெளியே மணலில் முட்டி போட்டிருக்கும். பிரேயர் நடப்பது திங்கட்கிழமை மட்டும், அன்றைக்குப் பார்த்துத் தெருவில் பாவு தவறாது. பெரிய வாத்தியார் வருகிற திருச்சுழி பஸ்ஸும் அடிக்கடி லேட்டுதான். அவரை யாரும் முட்டி போடச் சொன்னதில்லை.

ஒருநாள் மகள் சிராய்த்த முட்டியோடு வந்து, "இனியும் லேட்டா வந்தா முழுப்பரீட்சை எழுத விடமாட்டாகளாம்மா" என்றாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை அவள்.

பரணிலிருந்து குடையை இறக்கி இவர் மடியில் போட்டேன். "நில்லுங்க. ஆனா அறிவியற்கூடம், நீச்சற்குளம்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. பெல்லைப் பத்து மணிக்கு அடிக்கணும். அது ஒண்ணுதான் பேச்சு."

இவர் அந்தத் தடவை ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பதைவிடத் தடுக்கி விழுந்தார் என்று சொல்லலாம். ஒரு காலையில் பாவு நீவுகிறவர்களிடம் போய்ப் பேசினார். யாரும் எழுந்து போகவில்லை. எப்படிப் போவார்கள்? கஞ்சி போட்டாயிற்றே! வாழ்க்கையில் முதல் முறையாக இவருக்குக் கடைசி வரை கேட்கிற கூட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் பாவு நீட்டினாலும் குடையோடு ஆஜர். "இந்தாளுக்கு ஓட்டைப் போட்டுத் தொலைச்சாத்தான் நிம்மதியாப் பாவு போடலாம்" என்று பேசிக்கொண்டார்களாம். எல்லா வீட்டிலும் முட்டி சிராய்த்த பிள்ளை ஒன்று இருந்தது. ஜெயித்துவிட்டார்.

ஜெயித்து என்ன செய்ய? கமிட்டிக் கூட்டத்தில் கஞ்சியும் இல்லை, பாவும் இல்லை. இவர் தொண்டையைச் செருமியதுமே ஒருவர் வெற்றிலை துப்பப் போவார், ஒருவருக்கு மாட்டைக் கட்டாதது நினைவு வரும். தலைவர் காராச்சேவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அடுத்த கூட்டத்துல பாப்பம்" என்பார். அடுத்த கூட்டமும் அப்படியே. முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இவரோ, மெம்பர் என்று பெயிண்டில் எழுதி வாசலில் ஒரு போர்டு மாட்டினார். அந்தப் போர்டை உடைத்து அடுப்பில் வைக்க எனக்கு ஆத்திரம் வந்தது. பச்சைப் பலகை, எரியாது என்று விட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் முதலாளியின் நூலில் பெரிய பாவு ஒன்று நீட்டுவதாக இருந்தது. ஏற்றுமதிச் சரக்கு, உசத்தி நூல். அதைப் பார்வையிட அவரே வருவார், கூடவே நிழல் மாதிரித் திரிகிற மற்ற இரண்டு மெம்பர்களும் வருவார்கள் என்று தெரியும். முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொன்னேன்: "நாளைக்கு ஒரு பிள்ளையும் பாவுப் பக்கம் வரக்கூடாது. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நேரத்தோட பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க." என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மைக் வைத்து ஊருக்கே அறிவித்துவிடுவார்.

மறுநாள் பாவு நீட்டி, கஞ்சியும் போட்டாயிற்று. முதலாளி வந்தார், மெம்பர்கள் வந்தார்கள். பின்னாலேயே, எங்கள் ஊரில் இல்லாத அதிசயமாக, ஒரு கருமேகமும் காற்றும் வந்தன. இழைகள் பட்டுப் பட்டென்று அறுந்தன. முடிய விரல் இல்லை.

"பிள்ளைகளை எங்கம்மா?" என்று பதறினார் முதலாளி.

"பள்ளிக்கூடம் போயிட்டாக முதலாளி. ஒம்பது மணிக்குப் பெல் அடிச்சிரும்ல?"

"ஆள் விட்டுக் கூட்டியாரச் சொல்லு தாயி!"

ஆள் போய்த் திரும்பி வந்தது. "பெல் அடிச்சாச்சு, யாரையும் வெளிய விட மாட்டாராம். தலைவர் போட்ட சட்டம்னு பெரிய வாத்தியார் சொல்றாரு."

தானே போய்க் கேட்டைத் திறக்கச் சொல்ல முதலாளிக்கு நேரம் இல்லை, இழைகள் அறுந்துகொண்டே இருந்தன. வேட்டியை மடித்துக் கட்டினார். மோதிரம் போட்ட தடித்த விரல்களால் இழையைத் தேடத் தொடங்கினார். நூல் அவருடையது, நஷ்டமும் அவருடையது. மெம்பர்கள் ஆளுக்கொரு பிரஷ்ஷைப் பிடித்தார்கள். பாவுக்கு இரண்டு பக்கமும் கமிட்டியே நின்றது.

என் வீட்டுக்காரர் குடையோடு வெளியே வந்தார். நகர முடியாமல் நிற்கிற ஒரு கமிட்டியைக் கண்டார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே..."

"யோவ், இப்பவா?" என்றார் முதலாளி.

இப்போதேதான். கல்வியின் மேன்மையில் தொடங்கி, சூரியன் உதிப்பது வரைக்கும் போய், பத்து மணிப் பெல் என்ற விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு மெம்பர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். சொட்டுச் சொட்டாக நாலு தூறல் விழுந்தது. இவர் குடையை விரித்துத் தெரு நீளப் பாவின் மேல் பிடித்தார். அது ஒரு முழம்கூட மறைக்கவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"பத்து மணிக்கே அடிச்சுத் தொலைங்கய்யா! பேச்சை நிறுத்தி இந்த முனையைப் பிடி!" என்று முதலாளி கத்தினார்.

"தீர்மானத்தை ஆதரிப்போர் கை தூக்கவும்" என்றார் இவர். கை தூக்கினால் பாவு போய்விடும். அதனால் தலையை ஆட்டினார்கள். அதன் பிறகே இவர் முனையைப் பிடித்தார். மேகமும் எங்கள் ஊர் மேகம்தானே, அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பாவு தப்பியது.

அடுத்த திங்கட்கிழமை மகள் இழை முடிந்தாள், கஞ்சிக் கையைக் கழுவினாள், தலை பின்னிக்கொண்டாள். ஓடவில்லை, நடந்தே போனாள். முழுப்பரீட்சையும் எழுதினாள், முதலாவதாகத்தான் வந்தாள். ஆனால் என் மனசில் நிற்பது அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலம்தான். பையைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, பிரேயர் பாட்டுல முன்னால இன்னும் எம்புட்டு வரி இருக்கு தெரியுமா? நான் கேட்டுக்கு வெளியவே இருந்து கடைசி ரெண்டு வரிதான் கேட்டிருக்கேன். அம்புட்டுத்தான் பாட்டுன்னு நெனச்சேன்."

ஐந்து வகுப்பு படித்த பிள்ளை. அடுப்புப் புகை என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் பாட்டை முதலிலிருந்து பாடிக் காட்டினாள். வாசலில் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த இவர், வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்தவர் முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நின்று கேட்டார்.